தலைக்கு மேல ஒரு கதை: ஹெல்மெட் எப்படி வந்தது?

இந்த எபிசோடை ஒரு காகிதத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஆஸ்பத்திரியில எனக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி அது. அதுல ஒரு வரி: 'ஜிசிஎஸ் 15/15'. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சு ஒரு பேப்பர்லகூட நான் ஃபுல் மார்க் வாங்கினது இல்ல. இங்க வாங்கியிருக்கேன். என்ன பிரச்சினைன்னா, அந்தப் பரீட்சை எழுதினதே எனக்கு ஞாபகம் இல்ல.

நடந்தது இதுதான். ராத்திரி ஆபீஸ்ல இருந்து பைக்ல வந்துட்டு இருந்தேன். ஓஎம்ஆர் சர்வீஸ் ரோடு, குறுக்க ஒரு நாய். இது எல்லாமே என் ஃப்ரெண்ட் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சது, ஆபீஸ் பார்க்கிங்ல வண்டியை எடுத்தது. அடுத்த சீன், ஆஸ்பத்திரி பிளாஸ்டிக் சேர். நடுவுல கிட்டத்தட்ட 50 நிமிஷம் காணோம். அந்த 50 நிமிஷத்துல நான் மயக்கமாகூட இல்லையாம். பேசியிருக்கேன், அம்மா நம்பரைச் சரியா சொல்லியிருக்கேன். "பைக் எங்கடா?"ன்னு 11 தடவை கேட்டிருக்கேன். 11ங்கிறது அவன் எண்ணினது.

ஸ்கேன் நார்மல். டாக்டர் 'மைல்ட் ஹெட் இஞ்சுரி'ன்னு எழுதி அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் மூணு வாரம் லேப்டாப் வெளிச்சம் கண்ணைக் குத்தும். ஒரு ஃபங்ஷனோட கடைசி வரிக்கு வர்றதுக்குள்ள முதல் வரி மறந்துடும். அம்மா காபி குடுத்தாகூட எரிஞ்சு விழுவேன். ஸ்கேன்தான் நார்மலாச்சே, இவன் சும்மா லீவு போடுறான்னு டீம்ல நினைச்சாங்க. உண்மையைச் சொன்னா நானே அப்படித்தான் நினைச்சேன்.

இன்னொரு விஷயம். அன்னைக்கு நான் ஹெல்மெட் ஸ்ட்ராப்பை லாக் பண்ணியிருந்தேன். வழக்கமா பண்ண மாட்டேன். அன்னைக்கு மட்டும் ஏன் பண்ணேன்? தெரியல. அந்த ஞாபகமும் அந்த 50 நிமிஷத்தோட போயிடுச்சு.

அப்போ வந்த கேள்விதான் இந்த எபிசோட். இந்த ஹெல்மெட்டை, அதுவும் ரேஸ் ஓட்டாத சாதாரண ஆளுக்கு, யார் யோசிச்சாங்க? தேடிப் போனா கதை ஒரு சினிமாவுல ஆரம்பிக்குது.

'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' பாத்திருப்பீங்க. 1962-ல வந்த படம். பாலைவனம், ஒட்டகம் எல்லாம் அப்புறம்தான். படம் ஆரம்பிக்கிறதே ஒரு பைக் விபத்துல. அது நிஜமா நடந்தது. 1935 மே 13, தென் இங்கிலாந்துல டார்செட். டி. இ. லாரன்ஸ் பக்கத்துல இருந்த போவிங்டன் ராணுவ முகாமுக்குப் போய் ஒரு தந்தி அடிச்சுட்டு, கிளவுட்ஸ் ஹில்ங்கிற தன் சின்ன வீட்டுக்குத் திரும்பிட்டு இருந்தார். விமானப்படை வேலையை விட்டு மூணு மாசம்கூட ஆகல. வண்டி ப்ரஃப் சுப்பீரியர் எஸ்எஸ்100. அந்தக் காலத்து சூப்பர் பைக். அந்தக் கம்பெனி வண்டி அவருக்கு அது ஏழாவது.

அந்த ரோடு ஒரு இடத்துல பள்ளமா இறங்கி ஏறும். முன்னாடி சைக்கிள்ல ரெண்டு பசங்க போனதை அவர் கடைசி நொடியிலதான் பாத்தார். ஒடிச்சுத் திருப்பினார். ஹாண்டில்பாருக்கு மேல தூக்கி வீசப்பட்டார். தலையில எதுவும் போட்டிருக்கல. ஆறு நாள் நினைவே திரும்பாம இருந்து, மே 19-ந் தேதி இறந்துபோனார். வயசு 46.

அந்த ஆறு நாள்ல அவரைப் பாக்க வந்த டாக்டர்கள்ல ஒருத்தர்தான் நம்ம ஹீரோ. பேரு ஹியூ கெய்ர்ன்ஸ். ஆஸ்திரேலியாக்காரர். ரோட்ஸ் ஸ்காலர்ஷிப்ல ஆக்ஸ்ஃபோர்டு வந்தவர். அப்புறம் அமெரிக்கா போய் ஹார்வி குஷிங்கிட்ட மூளை அறுவை சிகிச்சை கத்துக்கிட்டவர். மூளை சர்ஜரிங்கிற துறையையே கட்டி எழுப்பினவர்னு சொல்ற அளவுக்குப் பெரிய ஆள் குஷிங். அதாவது, அன்னைக்கு இங்கிலாந்துல லாரன்ஸுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த டாக்டர்கள்ல ஒருத்தர் வந்து நின்னார். அவராலயும் ஒண்ணும் பண்ண முடியல.

ஏன்? இங்க கொஞ்சம் டெக்னிக்கலா போகணும். தலையில அடின்னா அதுல ரெண்டு கட்டம் இருக்கு. முதல் கட்டம் அடி விழுற அந்த நொடி. மூளைத் திசு நசுங்குது, ரத்தக் குழாய் கிழியுது, நரம்பிழைகள் இழுபட்டுச் சேதமாகுது. இதெல்லாம் நொடியில ஒரு சின்னப் பகுதிக்குள்ள முடிஞ்சுடும். ரெண்டாவது கட்டம் அதுக்கப்புறம் வர்ற மணி நேரங்கள், நாட்கள். ரத்தம் கட்டுறது, மூளை வீங்குறது, மண்டைக்குள்ள அழுத்தம் ஏறுறது, ஆக்சிஜன் போதாம போறது. விழுந்த ஆள் எழுந்து நல்லா பேசிட்டு இருந்துட்டு, சில மணி நேரத்துல நினைவிழந்து விழுறதுக்குக் காரணம் பெரும்பாலும் இந்த ரெண்டாவது கட்டம்தான்.

டாக்டர்கள் சண்டை போட முடியுறது ரெண்டாவது கட்டத்தோடதான். கட்டின ரத்தத்தை எடுக்கலாம், அழுத்தத்தைக் குறைக்கலாம். முதல் கட்டத்துல நடந்ததை யாராலயும் ரிவர்ட் பண்ண முடியாது. அந்த கமிட் போனது போனதுதான். இன்னைக்கும் இதுதான் நிலைமை. 1935-ல ரெண்டாவது கட்டத்தைக்கூட கண்ணால பாக்க வழி இல்ல. மனுஷன் தலையில முதல் சிடி ஸ்கேன் எடுத்ததே 1971-லதான்.

அப்போ முதல் கட்டத்தைத் தடுக்கணும்னா அதை அடி விழுறதுக்கு முன்னாடியேதான் பண்ணணும். அதை ஆபரேஷன் தியேட்டர்ல பண்ண முடியாது. லாரன்ஸோட மரணம்தான் கெய்ர்ன்ஸை இந்தப் பக்கம் திருப்பிச்சுன்னு மருத்துவ வரலாறு எழுதுறவங்க சொல்றாங்க. அதுக்காக மறுநாளே அவர் கையில ஹெல்மெட்டோட வந்துடல. ஆறு வருஷம் ஆச்சு. நடுவுல ஒரு உலகப் போரே வந்துடுச்சு.

அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டுடுவோம். 1935-ல ஹெல்மெட்டே கிடையாதா? இருந்தது! ஐல் ஆஃப் மேன்ல நடக்குற பிரபலமான டிடி பைக் ரேஸ்ல 1914-லயே ஹெல்மெட் கட்டாயம். ப்ரூக்லண்ட்ஸ் ரேஸ் டிராக்ல டாக்டரா இருந்த எரிக் கார்ட்னர், தலையில அடிபட்டு வர்ற ரைடர்களைப் பாத்துப் பாத்து, கேன்வாஸ் துணியை அரக்கால கெட்டிப்படுத்தி ஒரு ஹெல்மெட் செஞ்சு, அதைக் கட்டாயமாக்கவும் வச்சார். ஆக, லாரன்ஸ் விழுறதுக்கு 21 வருஷத்துக்கு முன்னாடியே தீர்வு கையில இருந்தது. ஆனா அது ரேஸ்காரங்களுக்கானதுன்னு எல்லாரும் நினைச்சாங்க. கடைக்குப் போறவன், தந்தி அடிக்கப் போறவன் எதுக்குப் போடணும்? "பக்கத்துலதானே போறேன்"ங்கிற டயலாக் 100 வருஷத்துக்கும் மேல பழசு மக்களே.

சரி, போருக்கு வருவோம். 1939 செப்டம்பர்ல போர் ஆரம்பிச்சதும் இங்கிலாந்து முழுக்க இருட்டடிப்பு. ஜெர்மன் விமானங்களுக்கு ஊர் தெரியக்கூடாதுன்னு தெருவிளக்கு கிடையாது, வண்டி விளக்கையும் மூடி வைக்கணும். அந்த இருட்டுல ராணுவத்துக்குக் கடிதமும் கட்டளையும் கொண்டு போற டெஸ்பாட்ச் ரைடர்கள் பைக்ல பறந்துட்டு இருந்தாங்க. இவங்கள்ல நிறைய பேர் எதிரி குண்டைப் பாக்காமலே, ரோட்டுல விழுந்து செத்தாங்க.

கெய்ர்ன்ஸ் அப்போ ஆக்ஸ்ஃபோர்டுல பேராசிரியர். 1940-ல அங்க செயின்ட் ஹியூஸ் கல்லூரிக் கட்டடத்தைத் தலைக்காயத்துக்கு மட்டுமான ராணுவ ஆஸ்பத்திரியா மாத்தினாங்க. போர் முடியுறதுக்குள்ள அங்க 13,000 பேருக்கு மேல சிகிச்சை நடந்தது. அங்க இருந்துட்டு அவர் எண்ண ஆரம்பிச்சார். 1941 அக்டோபர்ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு கட்டுரை வந்தது. போர் தொடங்கினதுக்கு முந்தின 21 மாசத்துல பைக் ஓட்டினவங்க, பின்னாடி உக்காந்தவங்க சேர்த்து இறந்தவங்க 1,884 பேர். போரோட முதல் 21 மாசத்துல 2,279 பேர். இந்த மரணங்களுக்கு மத்த எல்லாக் காரணத்தையும்விடப் பெரிய காரணம் தலைக்காயம்.

அதே கட்டுரையில இன்னொரு எண்ணும் இருக்கு. 7. ஹெல்மெட் போட்டிருந்து அடிபட்டவங்கன்னு அவருக்குக் கிடைச்சது மொத்தமே ஏழு பேர். ஏழு பேருமே பிழைச்சுட்டாங்க.

டேட்டா பக்கம் வேலை பாக்குறவங்க இப்போ சிரிப்பீங்க. ஏழு ஒரு சாம்பிள் சைஸா? இன்னைக்கு இதை டீம் மீட்டிங்ல காட்டினா கிழிச்சுடுவாங்க. எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. ஆனா அந்த ஏழு பேர் தலையில என்ன நடந்தது, ஹெல்மெட்ல எங்க அடி விழுந்ததுன்னு அவர் ஒவ்வொண்ணா பாத்தார். ஒரு கிராஷ் டம்ப்பை வரி வரியா படிக்கிற மாதிரி. அடுத்த மாசமே, 1941 நவம்பர்ல, பிரிட்டிஷ் ராணுவம் டூட்டியில பைக் ஓட்டுற எல்லாருக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கிடுச்சு. பைக் மரணங்கள் குறைஞ்சது. 1942-ல தனியாருக்குப் பெட்ரோலையே நிறுத்தினதுனால ரோட்டுல வண்டியும் குறைஞ்சுடுச்சு. அதனால குறைஞ்சது முழுக்க ஹெல்மெட்டாலதான்னு சொல்லிட முடியாது. ஆனா 2008-ல 61 ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்த காக்ரேன் மதிப்பாய்வு, ஹெல்மெட் மரண அபாயத்தை 42 சதவீதமும், தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்குதுன்னு சொல்லுச்சு. அந்த ஏழு பேர் காட்டினது சரியான திசைதான்.

இப்போ என் மூணு வாரக் கதைக்கு வர்றேன். ஸ்கேன் நார்மல், மண்டையில கீறல் இல்ல, அப்புறம் என்னதான் ஆச்சு எனக்கு? இதுக்கும் பதில் அதே ஊர்ல, அதே வருஷங்கள்லதான் கிடைக்குது.

1941-ல டெனி-பிரவுன், ரிச்சி ரஸ்ஸல்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் விலங்குகள்ல சோதனை பண்ணாங்க. தலையை அசையாம பிடிச்சுக்கிட்டு அடிச்சா கன்கஷன் உண்டாக்குறது கஷ்டம். அதே அடி, தலை அசையற மாதிரி இருந்தா சுலபமா வந்துடுது. அப்போ பிரச்சினை அடியில மட்டும் இல்ல, அந்த அடி தலையை எவ்வளவு வேகமா அசைக்குதுங்கிறதுல இருக்கு. கெய்ர்ன்ஸோட வேலை பாத்த ஹோல்போர்ன் ஒரு இயற்பியல்காரர். அவர் ஜெலட்டின்ல மூளை மாதிரி ஒரு மாடல் செஞ்சு சுத்திப் பாத்தார். 1943-ல லான்செட்ல எழுதினார். மூளையை அமுக்கிச் சுருக்குறது கஷ்டம், ஆனா அதை வளைச்சு முறுக்குறது ரொம்ப சுலபம். அதனால தலை சட்டுனு சுழலும்போது உள்ள இருக்கிற மூளை ஒரே சீரா கூடச் சுழலாது. ஒரு அடுக்கு முன்ன போகும், ஒரு அடுக்கு பின்தங்கும். தட்டுல இருக்கிற ஜெல்லியைச் சட்டுனு திருப்பிப் பாருங்க, புரியும்.

13 வருஷம் கழிச்சு, 1956-ல, சபீனா ஸ்டிரிச்ங்கிற நோய்க்குறியியல் டாக்டர் இதோட பயங்கரமான முகத்தைக் காட்டினாங்க. விபத்துக்கு அப்புறம் அறிவு தெளியாமலே மாசக்கணக்கா இருந்து இறந்த அஞ்சு பேர். மண்டையோட்டுல உடைசல் இல்ல, பெரிய ரத்தக்கட்டும் இல்ல. மைக்ராஸ்கோப்ல பாத்தா, மூளையோட உட்பகுதியில இருக்கிற நரம்பிழைகள் பரவலா அழிஞ்சு போயிருந்தது. சர்வர் எல்லாம் நல்லா இருக்கு, நடுவுல இருக்கிற கேபிள் எல்லாம் அறுந்துபோச்சுங்கிற நிலைமை. இதைத்தான் இன்னைக்கு டிஃப்யூஸ் ஆக்ஸானல் இஞ்சுரின்னு சொல்றாங்க. ஒரே இடத்துல ரத்தம் கட்டுறது, நசுங்குறது ஒரு வகை. இந்த மாதிரி மூளை முழுக்கப் பரவுறது இன்னொரு வகை. முதல் வகையை ஸ்கேன்ல பாத்துடலாம். ரெண்டாவது, அதுவும் லேசா இருந்தா, சாதாரண ஸ்கேன்ல சிக்காமலே போகலாம்.

என்னுது அந்த அஞ்சு பேரோடது மாதிரி இல்ல, பக்கத்துலகூட வராது. ஆனா ஸ்கேன் நார்மல்ங்கிறதுக்கும் மூளைக்கு ஒண்ணும் ஆகலங்கிறதுக்கும் நடுவுல இவ்வளவு இடைவெளி இருக்குன்னு யாராவது அன்னைக்குச் சொல்லியிருந்தா, அந்த மூணு வாரம் நான் என்னையே சோம்பேறின்னு திட்டிட்டு இருந்திருக்க மாட்டேன். அந்த 15/15 கூட இப்போதான் புரிஞ்சது. ஜிசிஎஸ்ங்கிறது 1974-ல டீஸ்டேல், ஜென்னட்னு ரெண்டு பேர் கிளாஸ்கோவுல உருவாக்கின அளவுகோல். கண் திறக்குதா, பேச்சு எப்படி, கை கால் அசைவு எப்படி, மூணுக்கும் மார்க். குறைஞ்சது 3, அதிகபட்சம் 15. 13 முதல் 15 வரை மைல்ட், 9 முதல் 12 வரை மாடரேட், 8 இல்லாட்டி அதுக்கும் கீழ போனா சிவியர். நான் வந்தப்போ 14, கிளம்பினப்போ 15. இந்த நொடியில நீ எவ்வளவு விழிப்பா இருக்கேங்கிறதுதான் அது அளக்குறது. அடுத்த மாசம் உன்னால வேலை பாக்க முடியுமாங்கிறதை அது கேக்கவே இல்ல. அதுக்கு ரிச்சி ரஸ்ஸல் 1930-கள்லயே வேற ஒரு அளவைச் சொல்லியிருந்தார்: அடிக்கு அப்புறம் எவ்வளவு நேரம் ஞாபகம் பதியாம போச்சுங்கிறது. என் ஃப்ரெண்ட் எண்ணின அந்த 11 தடவை, தெரியாமலே அவன் எடுத்த ஒரு ரீடிங்.

இனி ஹெல்மெட்டோட மீதிக் கதை. போர்க்கால ஹெல்மெட்ல முக்கியமா இருந்தது ஓடும், தலையை அதுல இருந்து தள்ளி வைக்கிற உள்பட்டையும்தான். அமெரிக்காவுல தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்து சார்லஸ் லம்பார்ட் 1953-ல ஒரு பேட்டன்ட் வாங்கினார். ஓட்டுக்கு உள்ள நசுங்குற ஒரு அடுக்கு. இன்னைக்கு உங்க ஹெல்மெட்டுக்குள்ள தெர்மாகோல் மாதிரி இருக்கே, அது. அடி விழும்போது அது நசுங்கி, தலை நிக்கிறதுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் வாங்கிக் குடுக்குது. ஒரு தடவை நசுங்கினா திரும்பப் பழைய நிலைக்கு வராது. அதனாலதான் ஒரு தடவை நல்லா விழுந்த ஹெல்மெட்டை, வெளியில கீறல் இல்லாட்டியும், தூக்கிப் போடச் சொல்றாங்க.

பிரிட்டன்ல எல்லாருக்கும் ஹெல்மெட் கட்டாயம்னு சட்டம் வந்தது 1973-ல. கெய்ர்ன்ஸ் அதைப் பாக்கல. 1952-லயே இறந்துட்டார்.

நம்ம ஊருக்கும் இந்தக் கதைக்கும் ஒரு நூல் இருக்கு. வேலூர் சிஎம்சியில ஜேக்கப் சாண்டி 1949-ல இந்தியாவோட முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை ஆரம்பிச்சார். அடுத்த வருஷமே மெட்ராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில, நம்ம சென்ட்ரல் ஸ்டேஷன் எதிர்ல இருக்கே, அங்க பி. ராமமூர்த்தி ஆரம்பிச்சார். அவர் இங்கிலாந்துல நியூகாசில்ல போய்க் கத்துக்கிட்டது ரோபாதம்கிற சர்ஜன்கிட்ட. தலைக்காயம் பத்தி ஒரு புத்தகமே எழுதினவர் ரோபாதம். போர்க்காலத்துல அங்க சேர்ந்த அறிவு அஞ்சே வருஷத்துல நம்ம ஊர் வார்டுக்கு வந்துடுச்சு.

சர்ஜரி அவ்வளவு சீக்கிரம் வந்தது. ஹெல்மெட்? மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 129, ஓட்டுறவங்க, பின்னாடி உக்காந்து வர்றவங்க ரெண்டு பேருக்கும்தான் சொல்லுது. தமிழ்நாட்டுல சட்டத்தை நிஜமாவே அமல்படுத்துங்கன்னு உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டு, 2015 ஜூலை 1-ந் தேதி வந்தது ஞாபகம் இருக்கா? ஹெல்மெட் கடைகள்ல ரேஷன் கடை மாதிரி க்யூ. அன்னைக்கு வாங்கின ஹெல்மெட்டைத்தான் எங்க அப்பா இன்னும் வச்சிருக்கார். வச்சிருக்கார்னா, பெட்ரோல் டேங்க் மேல. சிக்னல்ல போலீஸ் தெரிஞ்சா தலைக்கு ஏறும், தாண்டினா இறங்கும்.

இந்த எபிசோடுக்குப் படிச்சு முடிச்சதும் அவருக்குப் புதுசு ஒண்ணு வாங்கிட்டுப் போனேன். லாரன்ஸ் கதை, ஏழு பேர் கதை, ஜெல்லி எல்லாம் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "தலை வேர்க்குதுப்பா, பால் வாங்கத்தானே போறேன்"னார். நான் என் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து மேஜை மேல வச்சேன். பேசல. மறுநாள் காலையில போட்டுட்டுத்தான் போனார். ஸ்ட்ராப் தொங்கிட்டு இருந்தது. இப்போதைக்கு அந்த ஸ்ட்ராப்புக்காக அவரோட சண்டை போட்டுட்டு இருக்கேன்.

முடிக்கிறதுக்கு முன்னாடி சில விஷயம். ஹெல்மெட்ல ஐஎஸ்ஐ முத்திரை இருக்கான்னு பாருங்க. ஸ்ட்ராப் போடாத ஹெல்மெட் விழும்போது உங்களுக்கு முன்னாடி அது கழண்டு ஓடிடும். யாராவது தலையில அடிபட்டா, அப்போ நல்லா பேசினாலும் தனியா விடாதீங்க. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கிட்டே போற தலைவலி, எழுப்பக் கஷ்டமா இருக்கிற தூக்கம், வலிப்பு, ஒரு பக்கம் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், இதுல எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. ஸ்கேன் நார்மல்னு வந்த உங்க டீம்மேட் "இன்னும் சரியாகலடா"ன்னு சொன்னா, நம்புங்க.

அடுத்த எபிசோட்ல பாப்போம். பத்திரமா வீடு போய்ச் சேருங்க மக்களே.